மிலிட்டரி அண்ணனின் பாட்டில்

டிசம்பர் 7 நெருங்கினால் எங்கள் தாலுகா அலுவலகத்துக்குக் கலெக்டர் ஆபீஸிலிருந்து கொடிநாள் இலக்கு வந்துவிடும். இவ்வளவு ரூபாய் என்று வரும். அதைக் கிராம நிர்வாக அலுவலர்களுக்குப் பிரித்துப் போடுவது என் வேலையாக இருந்தது. அவர்கள் சாதிச் சான்று, வாரிசுச் சான்று என்று வந்து நிற்பவர்களின் தலையில் கட்டுவார்கள். யார் தந்தார்கள், மனமுவந்து தந்தார்களா என்று நான் கேட்டதில்லை. சிவப்பு, கருநீலம், வெளிர்நீலம் என மூன்று நிறத்தில் இருக்கும் அந்தச் சின்னக் கொடியைச் சட்டையில் குத்திக்கொண்டு, தரைப்படை, கடற்படை, விமானப்படை என்று புது ஆட்களுக்கு விளக்கமும் சொல்வேன். 1949 முதல் நடக்கிற சடங்கு இது. பணம் முன்னாள் படைவீரர் நலனுக்கும், போரில் இறந்தவர்களின் குடும்பங்களுக்கும் போகிறது. அதில் எனக்குப் புகார் இல்லை. புகார் என்மேல்தான்.

எங்களுடையது வேலூர்ப் பக்கம். பட்டாளத்துக்கு ஆள் அனுப்பாத ஊர் இங்கே குறைவு. எங்கள் தெருவிலேயே ஹவில்தாராக ஓய்வு பெற்ற ஒருவர் இருந்தார். ஊருக்கெல்லாம் அவர் 'மிலிட்டரி அண்ணன்'. எனக்கு அவரிடம் இருந்த உறவு ஒன்றுதான்: மிலிட்டரி கேண்டீன் பாட்டில். மாதா மாதம் அவருக்குரிய ரம்மில் ஒன்று எனக்கு வந்துவிடும். வெளியாருக்குத் தரக்கூடாது என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பட்டா மாறுதல் போன்ற காரியத்துக்குத் தாலுகா ஆபீஸில் ஓர் ஆள் வேண்டுமே என்று அவர் நினைத்திருக்கலாம். நான் அதை நட்பு என்று சொல்லிக்கொண்டேன்.

அவர் இலங்கைக்குப் போய் வந்தவர். 1987 ஜூலையில் பிரதமர் ராஜீவும் இலங்கை அதிபர் ஜெயவர்த்தனேயும் ஒப்பந்தம் போட்டதும் போன இந்திய அமைதிப்படையில், மெட்ராஸ் ரெஜிமெண்ட்காரராக. கொஞ்சம் உள்ளே போனதும் சில நாள் ஆரம்பிப்பார், "யாழ்ப்பாணத்துல இருந்தப்ப, கண்ணிவெடில எங்க பசங்க..." என்று. "விடுங்கண்ணே, அதெல்லாம் இப்ப எதுக்கு" என்று நான் கிளாஸை நீட்டிவிடுவேன். கார்கில் போர் என்றால் கேட்டிருப்பேன். பட்டாலிக்கில் இறந்த மேஜர் சரவணன் உடல் திருச்சிக்கு வந்தபோது செய்தித்தாளை விரித்துவைத்துக் கண் கலங்கினவன் நான். இலங்கைப் போரைப் பற்றி மட்டும் கேட்க எனக்குப் பிடிக்கவில்லை.

காரணம் இல்லாமல் இல்லை. 1987 அக்டோபரில் யாழ்ப்பாணம் மருத்துவமனைக்குள் புகுந்த இந்தியப் படை, டாக்டர், நர்ஸ், நோயாளி என்று 60 பேருக்கு மேல் சுட்டுக் கொன்றது. அதைப் படித்தபோது வந்த கோபம் பொய்யில்லை. 1990 மார்ச்சில் கடைசிக் கப்பல் மெட்ராஸ் துறைமுகத்துக்கு வந்தபோது முதலமைச்சர் கருணாநிதி வரவேற்கப் போகவில்லை. சரியாகச் செய்தார் என்று ஆபீஸில் எல்லோர் முன்னாலும் சொன்னேன். ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிப்பாய்களை அங்கே சாகக் கொடுத்துவிட்டு வந்த கப்பல் அது என்பது அன்று என் வாயில் வரவில்லை.

ஒருநாள் நாலு பேர் இருக்கும்போது, அவர் தந்த ரம்மைக் குடித்துக்கொண்டே கேட்டேன்: "அங்க போயி நம்ம ஆளுங்களத்தானே சுட்டீங்க?"

அவர் கோபப்படவில்லை. "அனுப்புனாங்க, போனோம்" என்றார். மற்றவர்கள் சிரித்தார்களா என்று நினைவில்லை. நான் சிரித்தேன்.

அடுத்த மாதமும் பாட்டில் வந்தது. வாங்கிக்கொண்டேன். அதன் பிறகு அவர் யாழ்ப்பாணப் பேச்சையே எடுக்கவில்லை.

இதில் என்னை உறுத்துவது வேறொன்று. அனுப்பியவர்கள் யார் என்று எனக்கு நன்றாகத் தெரியும். 1989 நாடாளுமன்றத் தேர்தலில் ராஜீவ் கட்சியின் கூட்டணிக்கே ஓட்டும் போட்டேன், தமிழ்நாட்டில் ஏறக்குறைய எல்லாத் தொகுதியும் அவர்களுக்குத்தான் போனது. ஓட்டுப் பெட்டியில் காட்டாத ரோஷத்தைத் தெருவில் கிடைத்த ஹவில்தாரிடம் காட்டினேன். மருத்துவமனையில் நடந்தபோது அவர் எங்கே இருந்தார் என்றுகூட எனக்குத் தெரியாது. இருந்தாரா, இல்லையா, பார்த்தாரா, தடுத்தாரா, ஏதாவது செய்தாரா? கேட்டிருந்தால் ஒருவேளை என் கோபத்துக்கு நியாயம் கிடைத்திருக்கும். கண்ணிவெடியில் செத்த பையன்களின் பெயராவது கிடைத்திருக்கும். இரண்டும் வேண்டாம் என்று, தீர்ப்பை மட்டும் கையில் வைத்துக்கொண்டேன். கேட்காமல் இருந்ததால் அவரை மதிக்கவும் வேண்டியதில்லை, பகைக்கவும் வேண்டியதில்லை. பாட்டிலும் நிற்கவில்லை.

அத்தனை டிசம்பரிலும் கொடி என் சட்டையில் இருந்தது. இலக்கைத் தாண்டி வசூல் செய்ததற்காக எங்கள் அலுவலகம் பாராட்டுக் கடிதமும் வாங்கியிருக்கிறது. அதன் வரைவை எழுதியவனே நான்தான்.

நான் ஓய்வு பெற்றுவிட்டேன். அவர் அதே தெருவில்தான் இருக்கிறார். காலையில் பால் வாங்கப் போகையில் பார்த்தால் தலையாட்டுவார். கேட்டுவிடலாம் என்று போன கொடிநாளன்று அவர் வீட்டுத் திண்ணைவரை போனேன். அவருக்கு இப்போது காது மந்தம். யாழ்ப்பாணத்தில் என்ன நடந்தது என்று கேட்க வேண்டுமானால் கத்தித்தான் கேட்க வேண்டும், தெருவுக்கே கேட்கும். கரண்ட் பில் கட்டியாச்சா என்று கேட்டுவிட்டுத் திரும்பி வந்தேன்.