தாத்தாவுக்கு ஒரு பாகம், பேத்திக்கு ஒரு பாகம்!

எங்கள் வீட்டில் இருப்பது ஒரே ஒரு லேப்டாப். அதற்கு உரிமை கொண்டாடுபவர்கள் இரண்டு பேர். ஒருவர் என் மாமனார். எழுபது வயதைத் தாண்டியும் ஆவண எழுத்தராக வேலை பார்க்கிறார். இன்னொருவர் பி.சி.ஏ. படிக்கும் என் மகள்.

கிரயம், செட்டில்மென்ட், உயில் என்று மாமா அடித்து வைத்திருக்கும் வரைவுகள் எல்லாம் யூனிகோடுக்கு முந்தைய பழைய எழுத்துருவில் இருக்கின்றன. டைப்ரைட்டர் முறையில் பழகிய கை அவருக்கு. அதற்கான மென்பொருள் விண்டோஸில்தான் ஓடும். அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் ஃபைலைத் திறந்தால், பத்திரம் இருக்க வேண்டிய இடத்தில் அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகள்தான் தெரியும். மகளுக்கோ கல்லூரி லேபில் எல்லாமே லினக்ஸ். வீட்டிலும் அதிலேயே பழகினால்தான் அவளுக்குக் கை வரும்.

இப்படி ஓடிக்கொண்டிருந்தபோது வந்தது 2025 அக்டோபர் 14. அன்றோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. எங்களுடையது 2017-ல் வாங்கிய லேப்டாப். விண்டோஸ் 11 ஏற்றுக்கொள்ளும் பிராசஸர்களின் பட்டியலில் அதற்கு இடமில்லை. கூடுதலாக ஓராண்டு பாதுகாப்பு அப்டேட் பெற வழி உண்டு. ஆனால், அது பிரச்னையைத் தள்ளிப்போடும், தீர்க்காது. மின் கட்டணம் முதல் வங்கி வேலை வரை அதில்தான் செய்கிறோம் என்பதால், எனக்குக் கவலை வந்துவிட்டது. செமஸ்டர் ஃபீஸ் கட்டிய மாதத்தில் புது லேப்டாப் பற்றிப் பேசவே முடியாது.

ரிப்பேர் கடையில் கேட்டோம். “எல்லாத்தையும் ஃபார்மட் பண்ணிட்டு லினக்ஸ் மட்டும் போட்டுக்கங்க” என்றார்கள். மாமா ஒன்றும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்ததும், “அப்போ என் வேலை இதோட முடிஞ்சுதாம்மா?” என்று கேட்டார். பத்திரங்களைவிட அந்தக் கேள்விதான் எனக்கு உறைத்தது.

வழி சொன்னது மகள்தான். “எதையும் அழிக்க வேண்டாம் தாத்தா. விண்டோஸ் அப்படியே இருக்கட்டும். பக்கத்துலயே லினக்ஸையும் போடலாம். ஆன் பண்ணும்போது எது வேணும்னு அதுவே கேட்கும். அதுக்கு டிஸ்க்கை பார்ட்டிஷன் பண்ணணும், அவ்வளவுதான்.”

மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார். “பார்ட்டிஷனா? பாகப்பிரிவினைன்னு சொல்லு. அதைத்தானே நாப்பது வருஷமா எழுதிட்டிருக்கேன்!”

இது ஒன்றும் புது ஏற்பாடு இல்லை. 2011-ல் தமிழக அரசு மாணவர்களுக்கு விலையில்லா லேப்டாப் கொடுக்கத் தொடங்கியபோதே, விண்டோஸோடு சி-டாக் உருவாக்கிய ‘பாஸ்’ லினக்ஸும் ஒரே பெட்டிக்குள் வந்தது.

பாகப்பிரிவினை என்றதும் மாமா வரிசையாகக் கேள்வி கேட்டார். ஒவ்வொன்றும் சரியான கேள்வி.

“முதல்ல மூலப் பத்திரத்துக்கு நகல் எடுத்தாச்சா?” ஃபைல்கள், புகைப்படங்கள் எல்லாவற்றையும் வெளியே ஒரு ஹார்ட் டிஸ்க்கில் காப்பி எடுத்தோம். நான்கைந்து ஃபைல்களைத் திறந்து பார்த்த பிறகே அடுத்த வேலை.

“மொத்த விஸ்தீரணம் எவ்வளவு?” 1 டிபி என்று வாங்கிய டிஸ்க், விண்டோஸில் சுமார் 931 ஜிபி என்றுதான் காட்டும். தயாரிப்பாளர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார். விண்டோஸ் 1,024 வீதம் எண்ணுகிறது. “பத்திரத்துல ஒண்ணு, அளந்தா ஒண்ணு. எல்லா ஊர்லயும் இதே கதைதான்” என்று சிரித்தார் மாமா.

“பொதுப் பாதை உண்டா?” இதுதான் முக்கியமான கேள்வி. லினக்ஸ் வழக்கமாகப் பயன்படுத்தும் பகுதியை விண்டோஸால் நேரடியாகப் படிக்க முடியாது. விண்டோஸின் என்டிஎஃப்எஸ் பகுதியை லினக்ஸால் படிக்கவும் முடியும், எழுதவும் முடியும். ஆகவே, விண்டோஸுக்கு 330 ஜிபி, லினக்ஸுக்கு 100 ஜிபி கொடுத்துவிட்டு, மீதி 500 ஜிபியை இருவருக்கும் பொதுவாக என்டிஎஃப்எஸ் ஆக வைத்தோம். நாளை ஒரு சிஸ்டம் கெட்டுப்போய் மறுபடி போட நேர்ந்தாலும், பொதுப் பங்கில் இருப்பதைத் தொட வேண்டியதில்லை.

விண்டோஸ் பகுதியை விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட் மூலமே சுருக்கினாள் மகள். காலியான இடத்தில் லினக்ஸ் மின்ட் ஏறியது. இன்ஸ்டால் செய்யும்போது ‘டிஸ்க் முழுவதையும் அழி’ என்றும் ஒரு வாய்ப்பு வரும். அந்தத் திரையில் மட்டும் யாரும் அவசரப்படக் கூடாது. டிஸ்க்கை பிட்லாக்கர் பூட்டி வைத்திருக்கும் லேப்டாப் என்றால், அதன் 48 இலக்க மீட்புச் சாவியை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

குடியேறிய பிறகு சில்லறைச் சச்சரவுகள் வந்தன. விண்டோஸை ஷட்டவுன் செய்தாலும், ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ வசதி இருந்தால் அது முழுதாக உறங்குவதில்லை. அந்த நிலையில் பொதுப் பங்கில் எழுத லினக்ஸ் மறுத்துவிடும். அந்த வசதியை அணைத்தோம். சரியானது.

அடுத்தது கடிகாரம். லினக்ஸிலிருந்து விண்டோஸுக்குப் போனால் நேரம் ஐந்தரை மணி நேரம் பின்தங்கி நின்றது. கம்ப்யூட்டருக்குள் இருக்கும் கடிகாரத்தை லினக்ஸ் உலகப் பொது நேரமாக எடுத்துக்கொள்கிறது. விண்டோஸ் உள்ளூர் நேரமாக எடுத்துக்கொள்கிறது. லினக்ஸையும் உள்ளூர் நேரத்துக்கு மாற்றியதும் சண்டை தீர்ந்தது. தேதி பிசகினால் பத்திரம் என்னாவது என்று மாமா பதறியது தனிக் கதை.

இப்போது ஆன் செய்ததும் மெனு வருகிறது. மாமாவுக்காக அது நிற்கும் நேரத்தை 30 விநாடியாக்கி, தானாகத் திறப்பது விண்டோஸ் என்று வைத்திருக்கிறாள் மகள். வங்கி, இணையம் எல்லாம் லினக்ஸில். விண்டோஸில் வைஃபை கிடையாது. அது மாமாவின் எழுத்து வேலைக்கு மட்டும். ஒரு நேரத்தில் ஒரு சிஸ்டம்தான் ஓடும் என்பதால், ‘காலை தாத்தா, மாலை பேத்தி’ என்று முறை வைத்திருக்கிறோம்.

பொதுப் பங்கால் இன்னொரு நன்மையும் நடக்கிறது. தாத்தாவின் பழைய எழுத்துரு வரைவுகளை யூனிகோடுக்கு மாற்ற, பேத்தி லினக்ஸில் ஒரு சின்ன புரோகிராம் எழுதிக்கொண்டிருக்கிறாள். பழைய எழுத்துருவில் ‘கெ’ என்றால் கொம்பு முதலில், ‘க’ அடுத்து. யூனிகோடில் ‘க’ முதலில், கொம்பு பிறகு. எத்தனை இடத்தில் இதை முன்பின்னாக மாற்ற வேண்டும் என்பதை அச்செடுத்து, சிவப்புப் பேனாவால் திருத்திக் கொடுக்கிறார் மாமா.

நேற்று அவள் ஒரு ஊர்ப் பெயரை அடித்துத் தேடினாள். பன்னிரண்டு வரைவுகள் வந்து நின்றன. மாமா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஒவ்வொன்றாகத் திறக்கச் சொன்னார்.