அடிப்பக்கத்து வளைவு

16 வருடங்களுக்குப் பிறகு நான் வரைந்த முதல் படம் எங்கள் வீட்டு இட்லிக் குண்டான். "என்னது, ஹெல்மெட்டா?" என்று கேட்டாள் மனைவி.

கை போய்விட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். நோட்டில் மறுபடி மறுபடி குண்டானையே போட்டுப் பார்த்ததில் வேறொன்று பிடிபட்டது. குண்டானின் அடியை ஒவ்வொரு தடவையும் நேர்கோடாக இழுத்திருந்தேன். மேடையில் தட்டையாக உட்கார்ந்திருக்கும் பாத்திரம், அதனால் அடி தட்டை. ஆனால் மேலிருந்து பார்க்கிற கண்ணுக்கு அடியும் வளைவுதான். சொல்லப்போனால் வாயைவிட அடி இன்னும் நன்றாக வளைந்திருக்கும், கண்மட்டத்திலிருந்து அதிகம் கீழே இருப்பதால். எனக்குத் தெரிந்ததை வரைந்துகொண்டிருந்தேன். எதிரில் இருந்தது பாட்டுக்கு இருந்தது.

இத்தனைக்கும் நீள்வட்டம் எனக்குப் புதிதில்லை. பொறியியல் முதல் வருடத்தில் மினி டிராஃப்டரைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ் ஏறியவன். எக்சென்ட்ரிசிட்டி 2/3 என்று கொடுத்தால் புள்ளி புள்ளியாகக் குறித்து ஏ2 தாளில் அச்சு மாதிரி போட்டுவிடுவேன். ஐசோமெட்ரிக்கில் முன்விளிம்பும் தூரத்து விளிம்பும் ஒரே நீளம். லேத்தில் கடைகிறவருக்கு அதுதான் வேண்டும், அவருக்கு என் கண்ணால் என்ன ஆகப்போகிறது? அந்த வருடத்தோடு படம் போடுவது நின்றது. யாரும் நிறுத்தவில்லை. 2பி பென்சில் இருந்த டப்பாவில் எச் பென்சில் வந்தது, பிறகு கீபோர்டு.

இப்போது இரவு பத்தரை மணி மீட்டிங் முடிந்ததும் 20 நிமிடம். டேப்லெட் ஒத்துவரவில்லை. இரண்டு விரலால் தட்டினால் போட்ட கோடு மறைந்துவிடுகிறது, நானும் தட்டிக்கொண்டே இருக்கிறேன். தாளில் தப்பான கோடு அங்கேயே கிடக்கும், அதன் பக்கத்தில்தான் அடுத்த கோட்டைப் போட்டாக வேண்டும். கைப்பிடியை வரைவதற்குப் பதில் கைப்பிடிக்கும் பாத்திரத்துக்கும் நடுவில் இருக்கிற சந்தை வரைவது நல்ல பயிற்சி. சந்துக்குப் பெயர் கிடையாது. பெயர் இல்லாததைப் பார்த்துத்தான் வரைய முடியும்.

பாத்திரங்கள் அலுத்ததும் அப்பாவை உட்காரவைத்தேன். அவருக்கு கிளாக்கோமா. ஓரப் பார்வையில் பெரும்பகுதி போய்விட்டது. போனது திரும்பாது, மிச்சத்தைக் காப்பாற்றத்தான் சொட்டு மருந்து. பேப்பர் படிப்பதை விட்டுவிட்டார்.

மதுரையை மை கோடுகளில் வரைந்த மனோகர் தேவதாஸை அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். தொழிலால் வேதியியல்காரர். ரெட்டினிடிஸ் பிக்மென்டோசா அவர் பார்வையை ஓரங்களிலிருந்து தின்றுகொண்டே வந்தது. அப்படியும் அவர் படங்களில் ஓடு ஓடாகக் கூரை, இலை இலையாக மரம். அவருடைய விடாமுயற்சியைத்தான் எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அந்த ஓடுகள்தான் முக்கியம். எதையும் 'கூரை' என்று சொல்லித் தாண்டிப் போகவில்லை.

"நான் என்ன பண்ணணும்?" என்றார் அப்பா.

"சும்மா உக்காருங்க போதும்."

"அது இப்ப நல்லாவே வருது."

இடது காதிலேயே மூன்று வாரம் நின்றேன். மடலின் மேல்பக்கம் கோடு உள்ளே போய் வெளியே வந்தது. முதலில் என் கை நடுக்கம் என்று அழித்தேன். திரும்பப் பார்த்தால் அங்கே நிஜமாகவே ஒரு சின்ன வெட்டு. 34 வருடமாக நான் பார்க்காதது.

"சைக்கிள்ல விழுந்தது. அப்ப நீ பொறக்கல" என்றார்.

முடித்த படத்தைக் கேட்டு வாங்கினார். டியூப்லைட்டுக்குக் கீழே நோட்டை முகத்துக்கு நேராகப் பிடித்து, மெதுவாக இடமும் வலமுமாக நகர்த்தினார். முழுப் படமும் ஒரே பார்வையில் அவருக்குக் கிடைக்காது. தாடை, கண்ணாடி, காது என்று ஒவ்வொன்றாகத் தேடிப் போனார். என் படத்தை இதுவரை யாரும் அவ்வளவு நேரம் பார்த்ததில்லை.

"மூக்கு பெருசா இருக்கே?"

"அப்படித்தான் இருக்குப்பா."

தடவிப் பார்த்துக்கொண்டார். "சரி, இருக்கட்டும்."