தோள்ல பாப்பா... கண்ணெதிரே சமணர் மலை!

சமணர் மலைக்கு நீங்க எத்தனை தடவை போயிருப்பீங்க? மதுரைப் பக்கம் காலேஜ் படிச்சா ரெண்டு தடவையாவது போயிருப்பீங்க. பைக்கை நிறுத்தி, விறுவிறுன்னு படியேறி, பாறை மேல நின்னு போட்டோ எடுத்து, இறங்கி வந்து டீ குடிச்சிட்டுக் கிளம்பியிருப்பீங்க. மொத்தம் ஒரு மணி நேரம். அதே இடத்துக்கு ஒரு கைக்குழந்தையோட போய்ப் பாருங்க பாஸ். அடிவாரத்தைத் தாண்டவே ரெண்டு மணி நேரம் ஆகும்!

'கைக்குழந்தையா... எனக்கு எதுக்கு?'னு பக்கத்தைப் புரட்டிடாதீங்க. அக்காவோ, சித்தி பொண்ணோ, யாராவது ஒருத்தர் பிரசவத்துக்கு உங்க வீட்டுக்கு வரத்தான் போறாங்க. நம்ம ஊர்ல தாய்மாமனுக்கு ஒதுக்கி வெச்சிருக்கிற டியூட்டி, மொட்டை போடவும் காது குத்தவும் மடியில உட்கார வைக்கிறது மட்டும்தான். மத்த நாள்ல எல்லாம் சும்மாதானே இருக்கோம்?

எங்க வீடு நாகமலைப் புதுக்கோட்டைப் பக்கம். அக்கா பிரசவத்துக்கு வந்திருந்துச்சு. குழந்தை பிறந்து நாலு மாசம்... தடுப்பூசிக்கு ஆஸ்பத்திரி போனதைத் தவிர அக்கா வாசப்படியைத் தாண்டலை. சாயங்காலம் ஆறு மணியானா காரணமே இல்லாம அழும். "பிள்ளை பெத்த உடம்பு, அப்படித்தான்டா இருக்கும்"னு அம்மா சொன்னாங்க. பிரசவத்துக்குப் பின்னால வர்ற அழுகை ரெண்டு வாரத்துக்கு மேல நீடிச்சா டாக்டர்கிட்ட போறதுதான் சரி. போனோம். சிகிச்சை, பேச்சுன்னு அது தனிக்கதை. கூடவே டாக்டர் சொன்ன ஒரு விஷயம்: "தினமும் கொஞ்ச நேரம் வெளியில நடங்கம்மா."

டாக்டர் சொல்லிட்டார். அம்மாச்சி சொல்லணுமே! "பச்சப்புள்ளைய கண்மாய்க்கரைக்குத் தூக்கிட்டுப் போறியா? காத்து கருப்பு அண்டிரும்டா!" ரெண்டு நாள் பஞ்சாயத்து. கடைசியா கன்னத்துல பெருசா ஒரு மைப்பொட்டு வெச்சு, ஒரே ஒரு கண்டிஷனோட அனுப்பினாங்க... "வெயில் ஏறுறதுக்குள்ள வீடு வந்து சேரணும்." மைப்பொட்டை விடுங்க, அந்தக் கண்டிஷன் நூத்துக்கு நூறு கரெக்ட். ஆறு மாசத்துக்குள்ள இருக்கிற குழந்தைக்கு சன்ஸ்கிரீன் தடவக் கூடாதுன்னுதான் குழந்தை டாக்டர்களே சொல்றாங்க. நிழலும் மெல்லிய காட்டன் துணியும்தான் பாதுகாப்பு. தாகம் எடுக்குமேன்னு தண்ணியும் கொடுக்கக் கூடாது, ஆறு மாசம் வரைக்கும் தாய்ப்பாலே போதும். சித்திரை, வைகாசியில நாற்பது டிகிரியைத் தாண்டுற ஊர் இது. காலையில எட்டு மணிக்குள்ள திரும்பிடணும். கண்மாய் நிறைஞ்சிருக்கிற கார்த்திகை, மார்கழிதான் பெஸ்ட். தலைக்கு மட்டும் ஒரு குல்லா.

சொந்தக்காரர் ஒருத்தர் வாங்கிக் கொடுத்த ஸ்ட்ரோலரோட ஜம்முனு கிளம்பினோம். எங்க தெருவுல முதல் ஸ்பீட் பிரேக்கர், அடுத்து சாக்கடை மூடி, அடுத்து மணல் குவியல். அன்னிக்கே மடக்கிக் கட்டிலுக்கு அடியில போட்டாச்சு. அதுல வருத்தமே இல்லை. ஒரு வயசுக்குக் கீழ இருக்கிற குழந்தையை ஸ்ட்ரோலர் மாதிரி எதுலயும் ஒரு மணி நேரத்துக்கு மேல கட்டிப் போட்டு வைக்காதீங்கன்னு 2019-லயே உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருக்கு. செல்போன், டி.வி-யும் அந்த வயசுக்கு வேண்டாமாம். அப்புறம் என்ன, தோள்தான்! துணியில கட்டித் தூக்கினா முகம் எப்பவும் நம்ம கண்ணுக்குத் தெரியணும், தாடை நெஞ்சுல அழுந்தக் கூடாது. அதுல மட்டும் கவனம்.

முதல் வாரம் கண்மாய்க்கரையில இருநூறு அடி தூரம்தான். பிறந்த குழந்தைக்கு இருபது, முப்பது சென்டிமீட்டர்தான் தெளிவா தெரியும். மாசம் ஏற ஏறத்தான் தூரம் பழகும். அதனால நாம "அங்க பாரு மலை!"னு கையைக் காட்டுவோம், அது நம்ம சட்டை பட்டனைப் பார்க்கும். புங்க மரத்துக்கு அடியில நின்னா இலை ஆடுறதையே பத்து நிமிஷம் பார்க்கும். நாமளும் நின்னுதான் ஆகணும். அப்படி நிக்கும்போதுதான் எனக்கு மீன்கொத்தி தெரிஞ்சுது. ஏழெட்டா சேர்ந்து குப்பையைக் கிளறிக்கிட்டு சண்டை போடுற தவிட்டுக்குருவி, தண்ணியில முங்கி வேற இடத்துல எந்திரிக்கிற முக்குளிப்பான், செம்போத்து... மெக்கானிக்கல் மூணாவது வருஷம் படிக்கிறேன், அதுவரைக்கும் எனக்குத் தெரிஞ்ச பறவை காக்கா, கிளி, கோழி.

பாப்பாவுக்குக் கதை சொல்லவும் மதுரை மாதிரி ஊர் கிடைக்காது. ஊரைச் சுத்தி நிக்கிற மலைகளே மிருகங்கள்தான். யானைமலை, நாகமலை, பசுமலை! மதுரையை அழிக்க வந்த யானையும் பாம்பும் பசுவும் மலையாகிப் போச்சுன்னு திருவிளையாடல் கதை. ஒத்தக்கடையில நின்னு பாருங்க, யானை படுத்திருக்கிற மாதிரியேதான் இருக்கும்.

மார்கழியில ஒருநாள் அக்காவே கேட்டுச்சு. "சமணர் மலைக்குப் போவமாடா தம்பி?" கீழக்குயில்குடிக்கு ஆட்டோ பிடிச்சோம். தாமரைக்குளம், அய்யனார் கோயில், பெரிய ஆலமரம்... எல்லாமே அடிவாரத்துலயே இருக்கு. நாலு அடி நடந்ததும் பாப்பாவுக்குத் தூக்கம். ஆடு மேய்க்க வந்த ஒரு பாட்டி எங்களைப் பார்த்துட்டு, "பழைய சேலை வெச்சிருக்கியா தாயி?"னு கேட்டாங்க. குழந்தைக்கு விரிக்க எடுத்துட்டுப் போன நூல் சேலையை வாங்கி, தாழ்வான கிளையில வீசி, ரெண்டே முடிச்சுல தூளி ரெடி. முடிச்சை இழுத்துப் பார்த்துட்டு, "நடவுக்குப் போறப்ப என் புள்ளைக மூணும் இப்படி மரத்துலதான் வளந்துச்சுக"ன்னாங்க. நாங்க என்னமோ புதுசா கண்டுபிடிச்ச மாதிரி 'நேச்சர் வாக்' போயிட்டிருந்தோம்!

தூளி ஆடுறதை அக்கா கொஞ்ச நேரம் பார்த்துச்சு. அப்புறம், "நீ பார்த்துக்கறியா? நான் மேல போயிட்டு வரவா?"ன்னுச்சு. மேல பேச்சிப்பள்ளம். ஆயிரம் வருஷத்துக்கு முந்தின சமணத் தீர்த்தங்கரர் சிற்பங்கள் பாறையில வரிசையா செதுக்கியிருக்கிற இடம். குழந்தை பிறந்ததுல இருந்து அக்கா தனியா எங்கேயும் போனதில்லை. மெதுவா படியேறிப் போனதைக் கீழே இருந்தே பார்த்துக்கிட்டு இருந்தேன். முக்கால் மணி நேரம் கழிச்சு இறங்கி வந்துச்சு, வேர்த்து விறுவிறுத்து. "எட்டு பேர் வரிசையா இருக்காங்கடா. ஒருத்தர்கூட அழலை!" சொல்லிட்டு அக்கா சிரிச்ச சத்தத்துல பாப்பா முழிச்சிருச்சு.

அதுக்கடுத்த ஞாயிறு, கோயம்புத்தூர்ல இருந்து அத்தான் காரோட வந்ததால அரிட்டாபட்டி. மேலூர் பக்கம். 2022-ல தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமா அறிவிக்கப்பட்ட கிராமம். ஏழு குன்று, சுனைகள், குடைவரைக் கோயில், தமிழி கல்வெட்டுன்னு நாள் பத்தாது. லகர் வல்லூறு மாதிரி அபூர்வ வேட்டைப் பறவைங்க வாழற இடம். அத்தான் பைனாகுலரோட வானத்தையே பார்க்க, பாப்பா பக்கத்துல நின்ன ஆட்டுக்குட்டியை விட்டுக் கண்ணை எடுக்கலை. இந்த ஏரியாவையும் சேர்த்துத்தான் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விட்டிருந்தாங்க, 2024 நவம்பர்ல அறிவிப்பு வந்துச்சு. 2025 ஜனவரி 7-ம் தேதி இந்தப் பக்கத்து கிராமத்து ஜனங்க மதுரை தல்லாகுளம் வரைக்கும் பேரணியா வந்தாங்க. அதே மாசம் 23-ம் தேதி மத்திய அரசு ஏலத்தை ரத்து பண்ணிருச்சு. அவங்க வந்திருக்கலைன்னா பாப்பாவுக்குக் காட்ட அங்க என்ன மிஞ்சியிருக்கும்னு தெரியலை.

கார் இல்லையா? டவுனுக்குள்ள இருக்கிறவங்களுக்கு வண்டியூர் தெப்பக்குளம் இருக்கு. 1645-ல திருமலை நாயக்கர் வெட்டினது. ஒரு காலத்துல தண்ணி இல்லாம கிரிக்கெட் ஆடின குளம்தான். அதிகாலையில கரையைச் சுத்தி ஒரு ரவுண்ட் வந்தாலே பாப்பா தூங்கிடும்.

தை பிறந்ததும் அக்கா கோயம்புத்தூர் கிளம்புது. துணிமணி எல்லாம் இன்னும் மூட்டை கட்டலை. ஆனா, "வீட்டுப் பக்கத்துல இருந்து சிங்காநல்லூர் குளத்துக்கு எந்த பஸ்ஸுன்னு விசாரிச்சு வைங்க"ன்னு அத்தானுக்கு நேத்தே போன் போட்டாச்சு.