பீடிங்

பழைய பெட்போர்ட் லொறியின் முன்கண்ணாடியை எந்தத் திருகாணியும் பிடித்திருப்பதில்லை. பசையும் கிடையாது. சுற்றிவர ஓடும் ஓர் இறப்பர்ப் பட்டிதான் பிடித்திருக்கிறது. கராஜ்காரர்கள் அதைப் பீடிங் என்பார்கள். பட்டியின் ஒரு பக்கக் காடிக்குள் கண்ணாடியின் விளிம்பு, மறுபக்கக் காடிக்குள் கெபினின் தகர விளிம்பு. கண்ணாடியும் தகரமும் ஒன்றையொன்று தொடுவதேயில்லை. மஹியங்கனை தாண்டிப் பதினெட்டு வளைவில் பாரத்தோடு ஏறும்போது கெபின் முறுகும். அந்த முறுக்கத்தைக் கண்ணாடிக்கு விடாமல் தான் வாங்கிக்கொள்வது இந்தப் பட்டி.

வாப்பாவின் லொறி டீ.ஜே. வகை. 1958இல் இங்கிலாந்தில் வெளிவரத் தொடங்கிய வகை அது. வேறொருவர் ஓட்டித் தேய்த்ததை 1974இல் வாங்கினார். சம்மாந்துறையிலிருந்து கொழும்புக்கு அரிசி, வரும்போது கடைச் சாமான். இப்போது போகத்துக்குப் போகம் ஊருக்குள் நெல் ஏற்றுவதோடு சரி. என்ஜின் பாகங்கள் எத்தனையோ மாறிவிட்டன. கண்ணாடி மட்டும் வாங்கிய நாளில் இருந்த அதே கண்ணாடி. பீடிங்தான் கல்லாக இறுகிச் சுருங்கி, மூலைகளில் விலகிவிட்டது. 2023 மாரியில் தண்ணீர் டேஷ்போர்ட்டுக்குப் பின்னால் இறங்கி வயர்களை நனைத்தது. காலடித் தகரத்தைக் கறள் தின்றது.

2024இல் பழைய வாகனங்கள் சேர்க்கும் கொழும்புக்காரர் ஒருவர் விலை கேட்டார். 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டபின் பழசுக்கெல்லாம் ஒரு மவுசு வந்திருந்தது. காக்கா ஒரு சிலிக்கன் ட்யூபோடு வந்தார். விலகிய இடங்களில் அப்பி, மேலே கறுப்புப் பெயின்ட் இழுத்தால் போதும் என்பது அவர் கணக்கு.

"விக்கப்போற சாமானுக்கு இவ்வளவு மினக்கெடணுமா வாப்பா?"

"வித்தாப் பொறகு மழ பெய்யாம இரிக்குமா மனே?"

சந்தையில் தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை விட்டபோது விரல்களில் ஈரம் தட்டிய சம்பவம் நம்மில் எல்லோருக்கும் தெரியும். மழையில் நனைந்தது அடியில் கிடந்தது, காய்ந்தது மேலே தெரிந்தது. வாழ்நாளெல்லாம் நெல்லும் அரிசியும் ஏற்றி இறக்கிய வாப்பா அதைச் சொல்லிக்காட்டவில்லை. ட்யூபை வாங்கிப் பார்த்துவிட்டுக் காக்காவின் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். சிலிக்கனிலும் ஒரு விஷயம் இருக்கிறது. வினாகிரி மணம் வரும் வகை காயும்போது அமிலம் விடும். வெறும் தகரத்தில் பட்டால் கறளை அதுவே வளர்க்கும். வெளியே பார்க்க அடைபட்டிருக்கும், உள்ளே தின்றுகொண்டிருக்கும்.

பீடிங் தேடிப் பஞ்சிகாவத்தைக்கு நான் போனேன். மூன்று வகை கிடைத்தது. ஒன்று, உறை பிரிக்காத பழைய ஒரிஜினல். ஆசையாக இருந்தது. ஆனால் வளைத்து நகத்தால் நெருடியதும் நுண்வெடிப்புகள் தெரிந்தன. இறப்பர் றாக்கையில் சும்மா கிடந்தாலும் கிழடாகும். இரண்டாவது, உள்ளூர் இயற்கை இறப்பர். மெதுமையானது, சொன்னபடி வளையும், விலையும் குறைவு. ஆனால் வெயிலும் காற்றிலுள்ள ஓசோனும் அதற்கு ஆகாது. நம் கிழக்கு மாகாண வெயிலில் சில வருடங்களுக்குள் வெடித்துவிடும். மூன்றாவது ஈ.பீ.டி.எம். என்ற செயற்கை இறப்பர். வெயில், மழை இரண்டுக்கும் தாக்குப்பிடிக்கும். எண்ணெய்க்கு மட்டும் ஆகாது. 1876இல் கியூ தோட்டத்துக் கன்றுகளை வாங்கி நட்ட நாடு, 1952இல் சீனாவுக்கு இறப்பர் கொடுத்து அரிசி வாங்கிய நாடு, தன் அரிசி லொறிக்கு வெளிநாட்டு இறப்பர் வாங்குகிறதே என்று மனம் சற்றுச் சுணங்கியது உண்மை. ஆனாலும் மூன்றாவதையே எடுத்தேன்.

இறப்பரின் தரத்தைவிடக் காடியின் அளவு முக்கியம். எங்கள் கண்ணாடி 5 மில்லிமீற்றர் தடிப்பு. கடைக்காரர் முதலில் நீட்டியது 6 மில்லிமீற்றர் கண்ணாடிக்கு வெட்டியது. அது தளரும். தகர விளிம்போ பழைய டிங்கர் வேலையில் சில இடங்களில் இரட்டைத் தகரமாகியிருந்தது. ஒட்டுத் தகரத்தை ராவி ஒரே தடிப்புக்குக் கொண்டுவந்து, கறளைச் சுரண்டி, ரெட் ஒக்சைட் பூசி, மேலே பெயின்ட் அடித்து ஒரு கிழமை காயவிட்டோம். வேலையில் முக்கால் பங்கு இதுதான். பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியாதது.

பூட்ட அம்பாறையிலிருந்து ஒரு சிங்கள பாஸ் வந்தார். வாப்பாவின் வயதுக்குப் பத்துக் குறைவு. கண்ணாடியை எடுத்ததும் அதன் விளிம்பைத்தான் முதலில் விரலால் தடவினார். இது கடினமாக்கிய கண்ணாடி. நடுவில் குத்தினாலும் தாங்கும், ஓரத்தில் ஒரு சின்ன இடி பட்டால் முழுவதும் கல்கண்டாகச் சிதறும். உடைந்தால் இதற்கு மாற்றுக் கிடைப்பது அரிது.

பட்டியை வெயிலில் போட்டு இளக்கினார். அளவைவிட அரை அங்குலம் கூட்டி வெட்டினார். இழுத்துப் பொருத்தினால் பிறகு சுருங்கி மூட்டு விலகும், நெருக்கிப் பொருத்தினால் நிற்கும். மூட்டு மேலே நடுவில் வரவேண்டும், தண்ணீர் தேங்குவது கீழேதான் என்றார். கண்ணாடியைச் சுற்றிப் பட்டியை மாட்டி, வெளிக் காடிக்குள் நைலோன் கயிற்றைப் பதித்து, இரண்டு நுனியையும் கீழே நடுவில் குறுக்கே விட்டார். சவர்க்காரத் தண்ணீர் தாராளமாகத் தடவினார். கிரீஸைக் கிட்ட விடவில்லை. பிறகு நானும் காக்காவும் வெளியே நின்று கண்ணாடியை உள்ளங்கையால் அழுத்த, பாஸ் உள்ளே உட்கார்ந்து கயிற்றை மெதுவாக இழுத்தார். கயிறு வரவர இறப்பரின் உதடு தகர விளிம்பைத் தாண்டி உள்ளே விழுந்தது. வலது மேல் மூலையில் நின்றுவிட்டது. காக்கா பலமாக அழுத்தப் போனார். பாஸ் கையைக் காட்டித் தடுத்து, இன்னும் கொஞ்சம் சவர்க்காரத் தண்ணீர் விட்டு, பத்து நிமிடம் பீடி குடித்தார். நாங்கள் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றோம். அடுத்த இழுப்பில் மூலை தானாக உட்கார்ந்தது.

குழாய்த் தண்ணீரைக் கீழிருந்து மேலாகப் பிடித்தோம். மேலிருந்து பிடித்தால் எங்கே ஒழுகுகிறது என்று தெரியாது. வாப்பா கெபினுக்குள் டோர்ச்சோடு உட்கார்ந்திருந்தார். இடது கீழ் மூலையில் ஒரு துளி. பாஸ் உதட்டை மட்டும் தூக்கி, இறுகாத மெழுகுப் பசை கொஞ்சம் வைத்தார். இரண்டாம் முறை பிடித்தபோது வாப்பா விரலால் தடவிப் பார்த்துவிட்டு இறங்கினார்.

அன்று மாலை காலடித் தகரத்தில் ஒட்டுப் போட்ட இடங்களைப் படம் பிடித்துக் கொழும்புக்காரருக்கு அனுப்பச் சொன்னார். காக்கா முகத்தைச் சுளித்துக்கொண்டு அனுப்பினார். அவர் பார்த்துவிட்டார். பதில் இன்னும் வரவில்லை.