அழுகைக்கும் ஓர் இடம்

கார்ட்டூன் படங்கள் சிறுவர்க்கே உரியவை என்னும் எண்ணம் நம்மிடையே வேரூன்றியுள்ளது. என் பேத்தியின் வற்புறுத்தலுக்கிணங்கி நான் கண்ட ஒரு படம், அவ்வெண்ணத்தை என்னிடமிருந்து அகற்றியது. அமெரிக்காவின் பிக்சார் நிறுவனம் உருவாக்க, பீட் டாக்டர் இயக்கத்தில் 2015-ஆம் ஆண்டு வெளிவந்த 'இன்சைட் அவுட்' என்பதே அப்படம்.

கதை எளியது. ரைலி என்னும் 11 வயதுச் சிறுமி, தான் பிறந்து வளர்ந்த மினசோட்டாவை விட்டுப் பெற்றோருடன் சான் பிரான்சிஸ்கோ நகருக்குக் குடிபெயர்கிறாள். ஆனால், கதை நிகழும் களம் பெரும்பாலும் அவளது மனமே. மகிழ்ச்சி, துயரம், சினம், அச்சம், அருவருப்பு ஆகிய ஐந்தும் அங்கே பாத்திரங்களாக நின்று அவளை இயக்குகின்றன. தமிழ் பயில்வோர்க்கு இது முற்றிலும் புதிதன்று. தொல்காப்பியர் உரைத்த எண்வகை மெய்ப்பாடுகளுள் உவகை, அழுகை, வெகுளி, அச்சம் ஆகியன உள்ளன. அருவருப்பை ஒட்டிய இளிவரலும் உண்டு. உவகை பிறக்க நான்கு நிலைக்களன்களை வகுத்த ஆசிரியர், அழுகைக்கும் நான்கே வகுத்தார். ஒன்றை உயர்த்தி மற்றொன்றைத் தாழ்த்தினாரல்லர்.

படத்தில் வரும் மகிழ்ச்சியோ இதை அறியவில்லை. தரையில் ஒரு வட்டம் வரைந்து, துயரத்தை அதனுள் நிறுத்தி, வெளியே வரலாகாது எனப் பணிக்கிறது. ரைலியின் தாயும், தந்தை மிகுந்த நெருக்கடியில் இருப்பதால் அவள் முகமலர்ச்சியோடு இருப்பதே பேருதவி என்கிறாள். அன்பினால் சொல்லப்பட்ட சொல்தான். எனினும், அது ஒரு குழந்தையின் கண்ணீருக்குத் தாழிட்டுவிடுகிறது. விளைவு என்ன? அச்சிறுமி மகிழ்ச்சியை அடையவில்லை. எதையும் உணர இயலாதவளாக உறைந்துபோகிறாள்.

நான் அந்நிலையை அறிவேன். எனக்குப் பன்னிரண்டு வயது நிறைந்த ஆண்டில் என் தந்தையார் மறைந்தார். துக்கம் கேட்க வந்தோர் அனைவரும், "இனி நீதான் வீட்டுக்கு ஆண்பிள்ளை, நீ அழலாமா?" என்று கூறிச் சென்றனர். நான் அழவில்லை. உண்ட உணவில் சுவையில்லை, பாடத்தில் நாட்டமில்லை, விளையாட்டும் கசந்தது. சில கிழமைகளுக்குப் பின், தந்தையாரின் நண்பரான தையற்காரர் ஒருவர் வந்தார். திண்ணையில் என்னருகே அமர்ந்து, அறிவுரை ஏதும் கூறாமல், தந்தையாரைப் பற்றிய பழங்கதைகளைச் சொல்லத் தொடங்கினார். இடையே அவர் குரல் தழுதழுத்தது, கண்கள் கலங்கின. அதன்பின் நானும் அழுதேன். அன்றிரவுதான் வயிறார உண்டேன்.

படத்திலும் இத்தகைய காட்சி ஒன்று உண்டு. ரைலி குழந்தைப் பருவத்தில் கற்பனையாகப் படைத்துக்கொண்ட தோழன் பிங் பாங், தன் வண்டியை இழந்து கலங்கி நிற்கிறான். மகிழ்ச்சி அவனுக்கு வேடிக்கை காட்டுகிறது, பயனில்லை. துயரமோ அவனருகே அமர்ந்து, அவன் இழந்ததை இழப்பென்றே ஒப்புக்கொண்டு செவிமடுக்கிறது. அவன் அழுகிறான்; பின் தானே எழுந்து நடக்கிறான். இறுதியில் வீட்டை விட்டு வெளியேறத் துணிந்த ரைலியும் திரும்பி வந்து, பழைய ஊருக்காக ஏங்குவதைச் சொல்லி அழுகிறாள். பெற்றோரும் தம் ஏக்கத்தை மறைக்காது கூறி அவளை அணைத்துக்கொள்கின்றனர். அக்கண்ணீரினூடே ஒரு புன்னகை பிறக்கிறது.

இப்படத்தை உருவாக்கியோர் முதலில் மகிழ்ச்சியோடு பயணம் செய்ய அச்சத்தையே துணையாக அமைத்திருந்தனர். கதை பொருந்தி வராமையால், பின்னரே துயரத்தைத் துணையாக்கினர். கதைக்கு மட்டுமன்றி வாழ்வுக்கும் அம்மாற்றம் பொருந்துவதே எனலாம்.

முதன்முறையாக வீட்டைப் பிரிந்து விடுதிக்கு வரும் மாணவர் பலர், இரவில் போர்வைக்குள் அழுகின்றனர். மாணவச் செல்வங்களே! அது கோழைத்தனமன்று, நீங்கள் விட்டுவந்த அன்பின் அளவு அது. ஆசிரியப் பெருமக்களும் ஊர்ப் பெரியோர்களும், "அழாதே" என்று சொல்லுமுன் சற்றே அருகில் அமர்ந்தால் போதும். ஆறுதல் மொழிகளைத் தேடி அலைய வேண்டியதில்லை. கேட்கும் செவி ஒன்று கிட்டினால், துயரம் தன் வேலையை முடித்துக்கொண்டு தானே வழிவிடும்.