வெண்பனியும் வெந்நீரும்

"வழுக்கி விழுவதற்கு நம் வீட்டுக் கிணற்றடிப் பாசி போதாதா? அதற்காக ஜப்பானுக்கு வேறு போக வேண்டுமா?" என்று கேட்டாள் என் மனைவி.

கேள்வி நியாயமானதுதான். ஆனால் டோக்கியோவில் உத்தியோகம் பார்க்கும் எங்கள் பையன் விடுவதாக இல்லை. "அப்பா, நீங்கள் ஸ்கீ பழகுங்கள். நான் ஸ்னோபோர்டு பழகப் போகிறேன். அம்மா வெந்நீர் ஊற்றில் குளிக்கட்டும்!" என்று டெலிபோனிலேயே எல்லாவற்றையும் தீர்மானித்துவிட்டான்.

ஆகவே, ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு திட்டம் போட உட்கார்ந்தேன். இப்படி ஒரு பிள்ளை வாய்த்த வாசகர்களுக்கு அந்தக் குறிப்புகள் பயன்படட்டுமே என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதல் பக்கத்தில், 'எந்த ஊர்?' என்று எழுதினேன். நாகானோ மாகாணத்து நொஸாவா ஒன்ஸென் என்று முடிவாயிற்று. 'ஒன்ஸென்' என்றால் வெந்நீர் ஊற்று. பனிச்சறுக்குக்காகப் புதிதாக எழுப்பிய ஊர் அல்ல இது, பழைய கிராமம். 1911-ல் லெர்க் என்ற ஆஸ்திரிய ராணுவ அதிகாரி ஜப்பானியச் சிப்பாய்களுக்கு ஸ்கீ கற்றுக் கொடுத்தார். அந்த மோகம் மலைக்கு மலை பரவி, 1923-ல் நொஸாவாக்காரர்களும் ஒரு ஸ்கீ சங்கம் ஆரம்பித்துவிட்டார்கள். 1930-ல் ஹன்னஸ் ஷ்னைடர் என்ற புகழ்பெற்ற ஆசான் வந்து சறுக்கிக் காட்டினார். அவர் பெயரால் இன்றும் ஒரு சறுக்குப் பாதை இருக்கிறது.

அங்கே அவ்வளவு பனி எங்கிருந்து வருகிறது? குளிர்காலத்தில் ஸைபீரியாவிலிருந்து வறண்ட காற்று புறப்படுகிறது. வழியில் ஜப்பான் கடல். அதில் தெற்கிலிருந்து ஒரு வெப்ப நீரோட்டம் வருகிறது. காற்று அதன்மேல் தவழ்ந்து ஈரத்தை வயிறாரக் குடித்துவிடுகிறது. கரையேறியதும் மலை வழி மறிக்கிறது. மேலே ஏறவேண்டிய காற்று, குடித்ததையெல்லாம் பனியாகக் கொட்டிவிடுகிறது. அண்டையிலுள்ள மொரிமியானோஹாரா ரயில் ஸ்டேஷனில் 1945 பிப்ரவரியில் 7.85 மீட்டர் பனி குவிந்து கிடந்தது. அந்த உயரத்தைக் காட்ட அங்கே ஒரு கம்பம் நட்டிருக்கிறார்கள்.

இரண்டாவது பக்கம், 'எப்போது?' புது வருஷ விடுமுறையில் ஜப்பானே மலையேறிவிடும். அதைத் தவிர்க்க வேண்டும். ஜனவரி 15-ம் தேதி கிராமத்தில் தீத்திருவிழா. மரத்தால் கட்டிய பெரிய கோயிலை 25 வயது, 42 வயது ஆண்கள் காவல் காப்பார்கள். மற்றவர்கள் தீப்பந்தங்களோடு தாக்க வருவார்கள். பார்க்க வேண்டிய காட்சிதான். ஆனால் அன்று தங்க இடம் கிடைப்பது துர்லபம். ஜனவரிக் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை பனி நன்றாக இருக்கும். நாங்கள் பிப்ரவரியில் ஐந்து நாளைக் குறித்தோம்.

பிரயாணம் சுலபம். டோக்கியோவிலிருந்து 2015-ல் திறந்த ஈயாமா ஸ்டேஷன் வரை புல்லட் ரயிலில் இரண்டு மணிக்கும் குறைவு. அங்கிருந்து அரை மணிக்குள் பஸ் கிராமத்தில் இறக்கிவிடும். மூட்டை முடிச்சைச் சுமக்க வேண்டாம். முதல் நாளே பார்சல் கம்பெனியில் ஒப்படைத்தால் விடுதிக்கே போய்ச் சேர்ந்துவிடும். ஸ்கீ, பூட்ஸ், தலைக்கவசம் எல்லாம் வாடகைக்குக் கிடைக்கின்றன. ஆனால் கம்பளி உள்ளுடையும் கையுறையும் சொந்தமாக இருப்பது நல்லது.

மூன்றாவது பக்கம் என் மனைவியுடையது. அவளுக்கு இரண்டு கவலைகள். ஒன்று, சாப்பாடு. காய்கறிக் குழம்பு என்று தைரியமாக வாயில் வைக்க முடியாது. உலர்ந்த மீனைக் கொதிக்க வைத்த சாறு அதில் கலந்திருக்கும். ஆகையால், மீன் சாறும் கூடாது, கடற்பாசிச் சாறு போதும் என்று பையனைக் கொண்டு முன்கூட்டியே ஜப்பானிய மொழியில் எழுதச் சொன்னோம்.

இரண்டாவது கவலை, குளியல். கிராமத்தில் பதின்மூன்று பொதுக் குளியலறைகள் உண்டு. கிராமத்தாரே முறை வைத்துச் சுத்தம் செய்கிறார்கள். கட்டணம் கிடையாது, உண்டியலில் காசு போட்டால் போதும். ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனித் தொட்டிகள். முதலில் வெளியே உடம்பைக் கழுவிக்கொண்டு, ஒரு துணிகூட இல்லாமல் தொட்டியில் இறங்க வேண்டும் என்பது சட்டம்.

"சிவ சிவா!" என்றாள் என் மனைவி. முதல் நாள் வாசலோடு திரும்பி வந்தாள். மூன்றாம் நாள், "இன்னொரு தடவை போய்விட்டு வருகிறேனே?" என்றாள்! தண்ணீர் கொதிக்கிற சூடு. ரத்த அழுத்தம் உள்ளவர்கள் வைத்தியரைக் கேட்டுக்கொள்வது உத்தமம். 'ஓகாமா' என்ற ஊற்றிலோ 90 டிகிரி. அதில் கிராமத்தார் கீரை வேக வைக்கிறார்கள்.

நான்காவது பக்கத்தில் அபாயங்கள். புதிதாகப் பழகுகிறவர் ஸ்னோபோர்டில் விழுந்தால் மணிக்கட்டும், ஸ்கீயில் விழுந்தால் முழங்காலும் பதம் பார்க்கப்படும். ஆகவே முதல் நாள் ஆசிரியரிடம் பாடம். மூன்றாம் நாள் ஓய்வு. பனி விளையாட்டுக்கும் செல்லுபடியாகும் இன்ஷூரன்ஸ். எல்லாவற்றுக்கும் மேலாக, கயிறு கட்டிய எல்லையைத் தாண்டக் கூடாது. அப்பால் பனிச்சரிவு, மரத்தடிகளில் ஆளை விழுங்கும் குழிகள். இதே நாகானோவில் 2023 ஜனவரியில் பனிச்சரிவு இரண்டு வெளிநாட்டு வீரர்களைப் பலி கொண்டது. அவர்கள் கத்துக்குட்டிகள் அல்ல.

இவ்வளவும் எழுதிய நான் ஒன்றை மறந்துவிட்டேன். அதைக் கற்றுக் கொடுத்தவள் எங்கள் விடுதிக்காரப் பாட்டி.

வாசலில் ஒரு சிலேட்டு மாட்டியிருந்தாள். வெளியே போகிறவர்கள் திரும்பும் நேரத்தை அதில் எழுத வேண்டும். வெறும் சம்பிரதாயம் என்று நினைத்தோம். நான்காம் நாள் பையன் "4 மணி" என்று எழுதிவிட்டுப் போனான். மணி ஐந்தாயிற்று, இருட்டிவிட்டது. டெலிபோனில் கூப்பிட்டால் பதில் இல்லை. என் மனைவி ஜன்னலைவிட்டு நகரவில்லை. பாட்டியோ கொட்டுகிற பனியில் குடையுடன் தெருவில் நின்றாள். ஐந்தரைக்கு மீட்புக்காரர்களைக் கூப்பிட உள்ளே திரும்பியபோது பையன் வந்து சேர்ந்தான். சிநேகிதர்களோடு மலையடிவாரக் கடையில் உட்கார்ந்துவிட்டானாம். குளிரில் டெலிபோனின் பாட்டரி செத்துவிட்டதாம்.

பாட்டி கோபிக்கவில்லை. "வந்துவிட்டாயா?" என்று மட்டும் கேட்டுவிட்டு, சிலேட்டில் அவன் பெயரை அழித்தாள்.

"ஒரு மணி நேரத்துக்கா இவ்வளவு கலவரம்?" என்றான் பையன், கொஞ்சம் வெட்கத்தோடு.

பாட்டி சொன்னதை அவனே எங்களுக்கு மொழிபெயர்த்தான். பாதியில் அவன் குரல் இறங்கிவிட்டது. சில வருஷங்களுக்கு முன் அவள் புருஷர் கூரைமேல் குவிந்த பனியைத் தள்ள ஏறினார். அரை மணியில் இறங்கிவிடுவேன் என்றாராம். பாட்டி அடுப்படியில் இருந்துவிட்டாள். ஒரு மணி கழித்துத்தான் வெளியே வந்து பார்த்தாள்.

இப்படிக் கூரையிலிருந்து விழுந்து இறப்பவர்கள் ஜப்பானில் ஒவ்வொரு குளிர்காலத்திலும் உண்டு, பெரும்பாலோர் வயோதிகர்கள். நாம் பணம் கொடுத்துத் தேடிப் போகும் பனியோடு அவர்கள் தினமும் மல்லுக்கட்டுகிறார்கள்.

மறுநாள் விடியற்காலையில் 'சரக், சரக்' என்று சத்தம் கேட்டு எழுந்தேன். பையன் மண்வெட்டியும் கையுமாக விடுதி வாசலில் பனி வாரிக்கொண்டிருந்தான். பாட்டி பக்கத்தில் நின்று, எப்படி வாருவது என்று திருத்திக்கொண்டிருந்தாள்.

நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் ஒரு வரி சேர்த்தேன்: "திரும்பும் நேரத்தைச் சொல்லிவிட்டுப் போ, சொன்ன நேரத்துக்குத் திரும்பி வா."