சிக்கனில் ரஸ்க் தூள் ஏன் நிற்பதில்லை?



பழைய மாணவன் ஒருவன் போன வாரம் போன் செய்தான். பெயர் வேண்டாம், அவனும் இதைப் படிப்பான். கம்பெனியில் ஆள் குறைத்ததில் வேலை போய், இப்போது சாயங்காலக் கடை போட்டிருக்கிறான். "சார், ரஸ்க் தூள்ல புரட்டின சிக்கன் எண்ணெய்க்குள்ள போனதும் சட்டையைக் கழட்டிடுது" என்றான். நான் சிரித்துவிட்டேன். அவன் சிரிக்கவில்லை. உதிர்ந்த தூள் அடியில் கருகுகிறது, எண்ணெய் கறுத்துக் கசக்கிறது, நாலு ஈடு எடுப்பதற்குள் மாற்ற வேண்டியிருக்கிறது. எண்ணெய் விற்கிற விலையில் லாபமெல்லாம் வாணலியிலேயே போய்விடுகிறதாம்.

வேதியியல் வாத்தியாரிடம் கேட்க வேண்டிய கேள்விதான். பதிலில் பாதி உங்கள் டீச்சரம்மாவுடையது.

குற்றவாளி தண்ணீர். எண்ணெய் 170, 180 டிகிரியில் இருக்கிறது. தண்ணீரோ 100 டிகிரியில் கொதித்துவிடும். ஆவியானால் அதன் பருமன் 1600 மடங்குக்கு மேல் பெருகும். கழுவிய ஈரத்தோடு துண்டைப் புரட்டினால், அந்த ஆவி வெளியே வர வழி தேடி மேல்மாவைத் தள்ளிக்கொண்டு போகும். உப்பு, மசாலா போட்டு ஊறவைத்தால் இறைச்சி இன்னும் தண்ணீர் விடும். சவ்வூடு பரவல் நடத்தினேனே, ஞாபகம் இருக்கிறதா? (கடைசி பெஞ்சுக்கு மன்னிப்பு உண்டு.) ஆகவே ஊறிய பிறகு வடித்து, சுத்தமான துணியால் ஒவ்வொரு துண்டையும் ஒற்றி எடுக்க வேண்டும். பலரும் சோம்பல் படுவது இந்த இடத்தில்தான்.

அடுத்து மைதா. வழுக்கும் இறைச்சி மேல் முட்டை நேராக நிற்காது. மைதா மிச்ச ஈரத்தை உறிஞ்சி, முட்டை பிடித்துக்கொள்ள ஒரு சொரசொரப்பைத் தருகிறது. ஆனால் தட்டி உதற வேண்டும். மாவு தடிமனாக நின்றால் உள்ளே காய்ந்த பொடியாகவே இருந்து, அங்கேதான் பிளக்கும். பிறகு அடித்த முட்டை. அதன் புரதம் 60 டிகிரியைத் தாண்டினால் இறுக ஆரம்பிக்கும். அதுதான் நம் பசை. கடைசியில் ரஸ்க் தூள், உள்ளங்கையால் அழுத்தி.

உடனே எண்ணெயில் போடக் கூடாது. "கொஞ்ச நேரம் உட்காரட்டும்" என்பார் டீச்சரம்மா. இருபது நிமிடம். மாவும் தூளும் ஈரத்தை இழுத்து ஊறி ஒன்றோடொன்று பிடித்துக்கொள்ளும். நம் ஊர் வெயிலில் பச்சைக் கோழியை வெளியே வைக்க வேண்டாம், ஃபிரிட்ஜில் வையுங்கள். கடைக்காரர் என்றால் வீட்டிலேயே புரட்டி ஐஸ் பெட்டியில் கொண்டுபோகலாம்.

எண்ணெய்க்குத் தெர்மாமீட்டர் வாங்கினால் நல்லது. இல்லையென்றால் ஒரு சிட்டிகை தூளைப் போட்டுப் பாருங்கள்; உடனே பொங்கி மேலே வர வேண்டும். சூடு குறைந்தால் மேல்மாவு எண்ணெய் குடித்து நழுவும். அதிகமானால் மேலே கருகி உள்ளே வேகாது; கோழி உள்ளே 74 டிகிரியை எட்டியே ஆக வேண்டும், இதில் சமரசமே கிடையாது. வியாபாரத்துக்கு எலும்பில்லாத, விரல் கனத் துண்டுகளே பாதுகாப்பு. ஒரே நேரத்தில் வாணலியை நிரப்பாதீர்கள், சூடு இறங்கிவிடும். முதல் நிமிடம் கரண்டியை உள்ளே விடவே வேண்டாம். முட்டை இறுகும் முன் குத்திக் கிளறினால் அத்தனை வேலையும் வீண். ஒவ்வொரு ஈடுக்கும் நடுவில் உதிர்ந்ததை மெல்லிய வடிகட்டியால் அள்ளிவிட்டால் எண்ணெய் இன்னும் சில ஈடு தாங்கும்.

எடுத்ததைக் குவித்து மூடி வைத்தால் வேர்த்து நமுத்துப்போகும். கம்பித் தட்டில் பரப்புங்கள். பார்சல் டப்பாவிலும் ஆவி போக வழி வேண்டும்.

என் அண்ணன் மகள் சைவம். "எங்களுக்கு என்ன சித்தப்பா?" என்று கீழே கேட்கத்தான் போகிறாள். பனீருக்கும் இதே முறைதான்மா. முட்டைக்குப் பதிலாக மைதாவும் சோளமாவும் தோசைமாவை விடச் சற்று நீர்க்கக் கரைத்துக்கொள். பனீரையும் துடைக்க மறக்காதே.